கெளுத்தி மூஞ்சி

பகாவில், பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால்
எட்டு வெள்ளிக்குக் காடி கழுவுகிறேன்.
மெழுகும் போட்டால் பதினைந்து.
அபிப்பிராயத்துக்குக் காசு கிடையாது,
அது காடியோடு தானாக வந்து இறங்கும்.

பாயு காடிக்கு முகம் மாற்றிவிட்டார்கள்.
எஞ்சின் அதே எஞ்சின்.
கதவைச் சாத்தினால் அதே தகரச் சத்தம்.
விளக்கை மட்டும் இழுத்துக்
காது வரைக்கும் மை தீட்டியிருக்கிறார்கள்.
பனிவிளக்கு இருந்த இடத்தில்
காற்றே நுழையாத ஒரு காற்றுத்துளை.
வாய் இருக்கிறதே, வாய்,
அது பம்பரில் பாதியைத் தின்றுவிட்டது.

"கெளுத்தி" என்றார் சற்குணம்.
செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுகிறவர்,
தன்னுடைய பழைய பாயுவின் கூரைமேல்
தோளில் போடுவதுபோல் கையைப் போட்டுக்கொண்டு.
"சேத்துல கெடந்து வாயப் பொளக்குது பாரு.
என்னோடது மனுச மூஞ்சி."

தமயந்தி டீச்சர் புதுசுக்குச் சொந்தக்காரி.
ஒன்பது வருசத் தவணையில் மூன்றாவது மாதம்.
"மனுச மூஞ்சிதாண்ணே, யாரு இல்லன்னா?
லீவு கேட்டு நிக்கிற கிராணி மூஞ்சி.
சிரம்பான் ரோட்டுல இதக் கொண்டுபோய்ப் பின்னால நிறுத்துங்க,
முன்னால போறவன் தானா ஒதுங்குறான்."

ஒதுங்குகிறானா என்று நான் கேட்கவில்லை.
நுரை காய்வதற்குள் தண்ணீர் அடிக்க வேண்டும்.

என் விரல்களுக்கும் ஒரு கட்சி உண்டு.
பழைய கிரில்லில் ஐந்து பட்டை,
துணி ஒரே இழுப்பில் போய் வந்துவிடும்.
புதுசில் தேன்கூடு.
வேலையில்லாத ஒரு மத்தியானம் எண்ணினேன்,
நூற்று நாற்பத்திரண்டு அறை.
அறைக்கு அறை தோட்டத்துச் செம்மண்,
ஏதோ ஒரு பூச்சியின் கால்.
அதற்கென்றே பழைய பல்துலக்கி ஒன்று வைத்திருக்கிறேன்.
கூலி அதே எட்டு வெள்ளி.

மண்டோர் மகன் பரஞ்சோதி இரண்டு கட்சியிலும் இல்லை.
பழைய உடம்புக்குப் புது முகம் வாங்கி மாட்டிவிட்டான்,
ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு,
பெண் பார்க்கப் போகிற வாரத்தில்.
வெயிலில் தெரியாது.
தண்ணீர் பட்டால் முகம் ஒரு வெள்ளை,
கழுத்து வேறொரு வெள்ளை.
யாரிடமும் சொல்லவில்லை.
பெண் வீட்டார் வரும் நாளில் மழை வேண்டாம்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்.
இரவு வேலை முடித்துத் திரும்பிய சற்குணத்தின் முன்னால்
பதினான்காம் நம்பர் செம்பனைக் காட்டிலிருந்து
ஒரு பன்றி
அபிப்பிராயம் சொல்ல ஓடிவந்தது.

மனுச மூஞ்சி நொறுங்கிவிட்டது.
பன்றி எழுந்து, உதறிக்கொண்டு, போய்விட்டது.

பட்டறையில் ஆ கியோங் கையை விரித்தான்.
"பழசு ஸ்டாக் இல்லண்ணே, கம்பெனி நிப்பாட்டிட்டான்.
புதுசு இருக்கு. இன்னைக்கே போட்டுரலாம்."

சனிக்கிழமை வந்தார்.
முகம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினார்.
"தண்ணி எட்டாதுண்ணே, திருப்பிப் போடுங்க"
என்று நான் சொல்லவேண்டியதாயிற்று.

பக்கத்தில் டீச்சரின் வண்டி, நுரையோடு.
இரண்டும் ஒரே வாயைத் திறந்துகொண்டு நின்றன.
டீச்சர் சிரிக்கவில்லை.
எதிர்க்கடைக்குப் போய் ஐஸ் மைலோ இரண்டு பொட்டலம் வாங்கி
ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

அவர் குடித்தார். சுற்றி வந்தார்.
குந்தினார். என் கையிலிருந்த பல்துலக்கியை வாங்கி
நூற்று நாற்பத்திரண்டில் ஒரு முப்பது அறையாவது
தானே தேய்த்தார்.

"கெளுத்திதான்" என்றார் கடைசியில்.
"ஆனா மீசை இல்லாத கெளுத்தி."

அவர் காசு எடுக்கத் திரும்பியபோது பார்த்தேன்,
சக்கரத்துக்கு மேலே, தகடு சேருமிடத்தில்
கறுப்பாய், விறைப்பாய், இரண்டு பன்றி மயிர்.

அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தேன்.